மகன் துபாயில், குளம் கொல்லையில்! கண்காணாத தூரத்திலிருந்து நீச்சல் குளம் கட்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை

அரியலூர்–

மகன் இருப்பது துபாயில். பணம் வருவது பாங்கியில். பள்ளம் வெட்டுவது கொல்லையில்!

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வெளிநாட்டுச் சம்பாத்தியம் முதலில் மாடி வீடாக எழுந்தது. அடுத்து கார் ஷெட் வந்தது. இப்போது, "கொல்லைப்பக்கம் சும்மாத்தானே கிடக்கு, பிள்ளைங்க குளிக்க ஒரு நீச்சல் குளம் போட்டா என்ன?" என்ற ஆசையும் சிலருக்கு வந்திருக்கிறது.

லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கம் வளைகுடாப் பணம். ஜெயங்கொண்டம் பக்கம் சிங்கப்பூர்ப் பணம். ஊர் வேறு, நாடு வேறு. ஆனால் வேலை நடக்கும் விதம் ஒன்றுதான். கட்டுகிறவர் ஊரில் இல்லை. போனில்தான் இருக்கிறார்.

ஆசையில் தப்பு இல்லை. ஆனால் வீடு வேறு, குளம் வேறு.

வீட்டுச் சுவரில் கீறல் விட்டால் கண்ணுக்குத் தெரியும். கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசலாம். குளத்தில் கீறல் விட்டால் டைல்ஸுக்கு அடியில் ஒளிந்து கொள்ளும். தண்ணீர் மட்டும் சத்தமில்லாமல் மண்ணுக்குள் போய்க் கொண்டே இருக்கும்!

குளத்தில் முக்கியமானது எல்லாமே மறைந்து நிற்பதுதான். கம்பி காங்கிரீட்டுக்குள் போய்விடும். காங்கிரீட் பூச்சுக்குள் போய்விடும். பூச்சு டைல்ஸுக்குள் போய்விடும். கடைசியில் போட்டோவில் தெரிவது நீல நிறம் மட்டும்தான். அதைப் பார்த்துத்தான் துபாயில் இருப்பவர் மீதிப் பணத்தை அனுப்புகிறார்.

கரிசல் மண் சும்மா இருக்காது

இந்த மண்ணின் கதையே தண்ணீர்க் கதைதான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இது கடல். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லை வெட்டித்தான் அரியலூர் வட்டாரத்தில் இத்தனை சிமெண்டு ஆலைகள் ஓடுகின்றன. அரசு சிமெண்டு ஆலை 1979-ல் இங்கே வந்தது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது.

சிமெண்டுக்குப் பஞ்சமில்லாத பூமி. ஆனால் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல் இருக்கிறதே, அதுதான் குளத்துக்கு எமன்.

மழையில் கரிசல் மண் உப்பும். கோடையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். வருஷா வருஷம் இந்த வேலையை அது நிறுத்தாது. அதற்குள் ஒரு காங்கிரீட் தொட்டியை இறக்கினால் நாலு பக்கமும் நெருக்கும், இழுக்கும். செம்மண்ணில் நிற்கிற குளம் கரிசலில் நிற்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

ஆகவே முதல் செலவு மேஸ்திரிக்கு அல்ல. மண் பரிசோதனைக்கு! "பக்கத்து ஊர்ல போட்டேன், ஒண்ணும் ஆகல" என்று மேஸ்திரி சொன்னால், பக்கத்து ஊர் மண் என்ன மண் என்று கேட்க வேண்டும். கரிசல் என்றால் அந்த மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, அடியிலும் பக்கத்திலும் உப்பாத கிராவல் போட்டு, தண்ணீர் விட்டுக் கெட்டிக்க வேண்டும். எத்தனை அடி ஆழத்துக்கு என்பதை என்ஜினீயர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ராஜேந்திர சோழன் செய்த ஏற்பாடு

தூரத்தில் இருந்து வேலை வாங்குவது இந்த மாவட்டத்துக்குப் புதிது அல்ல. ஆயிரம் ஆண்டுப் பழக்கம்!

அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய ராஜேந்திர சோழன், அங்கே ஒரு பெரிய ஏரியை வெட்டினான். சோழகங்கம் என்று பெயர். இன்று பொன்னேரி என்கிறார்கள். அது கங்கை நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. கங்கை வரை போனது மன்னன் அல்ல. சேனாதிபதிதான் போனான். மன்னன் கோதாவரிக் கரையில் அவனை எதிர்கொண்டான் என்கிறது அதே செப்பேடு. நம்பிக்கையான ஓர் ஆளுக்கு முழு அதிகாரம் கொடுத்து அனுப்பினான். நடந்ததைச் செம்பில் வெட்டி வைத்தான். அதனால்தான் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது.

அதிகாரம் உள்ள ஒரு கண். எழுத்தில் ஒரு பதிவு. தூரத்து வேலைக்கு இந்த இரண்டும் போதும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஆபத்து.

பத்திரிகை முதலாளியின் குளம்

இதே பாடத்தை அமெரிக்காவில் ஒருவர் டாலர் கொட்டிப் படித்தார். பரபரப்புச் செய்திகளால் பத்திரிகை வளர்த்த வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட்தான் அவர்.

கலிபோர்னியாவில் சான் சிமியோன் என்ற ஊர் மலை மேல் அவர் ஒரு மாளிகை கட்டினார். அதில் 'நெப்டியூன் குளம்' என்று ஒரு நீச்சல் குளம். கொள்ளளவு சுமார் 13 லட்சம் லிட்டர்! ஹெர்ஸ்ட் எப்போதும் அங்கே இருப்பவர் அல்ல. கடிதமும் தந்தியுமாக உத்தரவு பறக்கும்.

வேலையைப் பார்த்தவர் ஜூலியா மார்கன் என்ற பெண்மணி. கலிபோர்னியாவில் கட்டிடக் கலைஞர் லைசென்ஸ் பெற்ற முதல் பெண். அவர் ஆபீஸ் சான் பிரான்சிஸ்கோவில். அங்கிருந்து ரெயில் ஏறி, 1919-க்கும் 1939-க்கும் இடையில் 550 தடவைக்கு மேல் அந்த மலைக்குப் போய் வந்தார்.

முதலாளி சும்மா இருந்தாரா? இல்லை. மனசு மாறிக் கொண்டே இருந்தது. 1924-ல் தொடங்கிய குளம், இடித்தும் பெரிதாக்கியும் மூன்றாவது உருவம் எடுத்து 1936-ல்தான் முடிந்தது. இருவரும் எழுதிய கடிதங்கள் கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. யார் எப்போது எதை மாற்றச் சொன்னார் என்பதற்குச் சாட்சி அவைதான்.

அப்பேர்ப்பட்ட குளமே பிற்காலத்தில் ஒழுகியது. வறட்சிக் காலத்தில் 2014-ல் தண்ணீரை இறக்கினார்கள். சுமார் 1 கோடி டாலர் செலவில் பழுது பார்த்து 2018-ல்தான் மறுபடி நிரப்பினார்கள்.

கோடீஸ்வரன் குளமே ஒழுகும் என்றால், கொல்லைக் குளம் எம்மாத்திரம்?

"தம்பி போன்ல சொல்லிட்டாரு!"

நம்ம ஊரில் ஜூலியா மார்கன் யார்? பெரும்பாலும் வயதான அப்பா. இல்லாவிட்டால் மனைவி.

கோளாறு தொடங்குவதும் இங்கேதான். காலையில் வெயிலில் நின்று பார்ப்பது அவர்கள். ஆனால் மேஸ்திரி பேசுவது மகனிடம்.

"ஏங்க மேஸ்திரி, கம்பி இவ்வளவு தள்ளித் தள்ளிக் கட்டுறீங்களே?" என்று வீட்டம்மா கேட்டால், "தம்பிக்கிட்ட போன்ல சொல்லிட்டேம்மா" என்று பதில் வருகிறது. தம்பியிடம் கேட்டால், "அப்பா பக்கத்துல நின்னு பார்த்தாரே" என்று பதில் வருகிறது. இரண்டு எஜமான் உள்ள வேலையில் மேஸ்திரிக்கு எஜமானே கிடையாது!

இதற்கு வழி எளிது. மேஸ்திரி காதில் படும்படி ஒரே ஒரு தடவை மகன் சொல்ல வேண்டும். "எங்க வீட்டுல நிறுத்தச் சொன்னா வேலையை நிறுத்தணும். என்கிட்ட கேக்க வேண்டாம்." அவ்வளவுதான்.

ஒரு 100 பக்க நோட்டு போடுங்கள். எத்தனை ஆள், எத்தனை மூட்டை, என்ன வேலை, என்ன மாற்றம் எல்லாம் சாயந்தரம் எழுத வேண்டும். மேஸ்திரி கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். போனில் சொன்ன மாற்றம் நோட்டில் ஏறவில்லை என்றால் அது மாற்றமே இல்லை.

இதோடு, மேஸ்திரிக்குச் சம்பந்தம் இல்லாத ஓர் என்ஜினீயரை, தடவைக்கு இவ்வளவு என்று கூலி பேசி அமர்த்துவது நல்லது. மேஸ்திரி கொண்டு வரும் என்ஜினீயர் மேஸ்திரிக்குத்தான் என்ஜினீயர்.

மூடும் முன் பார்!

தினமும் 50 போட்டோ வேண்டாம். நாலே நாலு நாள் கண்ணை வைத்தால் போதும். மூடப் போகும் நாலு நாள்!

முதல் நாள்: பள்ளம் வெட்டி, கிராவல் கெட்டித்த பிறகு. அடிக் காங்கிரீட் போடும் முன்.

இரண்டாம் நாள்: கம்பி கட்டி முடிந்ததும். காங்கிரீட் ஊற்றும் முன். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் இருக்கிறதா? தரையும் சுவரும் சேரும் இடத்தில் தண்ணீர் தடுக்கும் பி.வி.சி. பட்டை வைத்தார்களா? குழாய்கள் பதித்தாயிற்றா?

மூன்றாம் நாள்: காங்கிரீட் ஊற்றும் நாள். வைப்ரேட்டர் ஓடுகிறதா? தரையை ஒரே மூச்சில் போடுகிறார்களா, சாப்பாட்டுக்கு நிறுத்தி மறுநாள் ஒட்டுப் போடுகிறார்களா?

நான்காம் நாள்: தண்ணீர்ச் சோதனை. இது டைல்ஸ் ஒட்டும் முன் நடக்க வேண்டும். சுவருக்கு வெளியே மண் தள்ளும் முன் நடக்க வேண்டும்.

இங்கே காலை 7 மணி என்றால் துபாயில் விடிகாலை 5.30. சிங்கப்பூரில் 9.30. அந்த நாலு நாளும் லீவு நாளாக அமையும்படி மேஸ்திரியிடம் முன்கூட்டியே பேசிக் கொள்ளலாம்.

போட்டோவில் அளவுநாடா தெரிய வேண்டும். அன்றைய பத்திரிகையும் பக்கத்தில் தெரியட்டும். பழைய போட்டோ காட்டி ஏமாற்றும் வேலை அதோடு சரி!

மூட்டைக் கணக்கு, கம்பிக் கணக்கு

25 அடி நீளம், 12 அடி அகலம், 4 அடி ஆழம் உள்ள குளம் என்று வைத்துக் கொள்வோம். தரை அரை அடி கனம், சுவர் முக்கால் அடி கனம். காங்கிரீட் ஏறத்தாழ 11, 12 கன மீட்டர் வரும். தண்ணீர் நிற்கும் தொட்டிக்கு உரிய எம்.30 கலவை என்றால் கன மீட்டருக்கு 8 மூட்டை. ஆக 88 முதல் 96 மூட்டை சிமெண்டு.

"50 மூட்டையில முடிச்சிட்டேன் தம்பி, உங்களுக்கு லாபம்" என்று யாராவது சொன்னால் அது லாபம் இல்லை. குளம் ஒழுகப் போகிறது என்று முன்கூட்டியே வந்த தந்தி!

காலிச் சாக்கை எண்ணி ஏமாறக் கூடாது. காலிச் சாக்கு எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். காலையில் இறங்கிய முழு மூட்டையை எண்ண வேண்டும். சாக்கின் மேல் தயாரித்த மாதம், வருடம் அச்சிட்டிருக்கும். 3 மாதத்துக்கு மேல் கிடந்த சிமெண்டு வேண்டாம்.

கம்பிக்கும் கணக்கு உண்டு. 12 மீட்டர் நீளமுள்ள 12 எம்.எம். கம்பி ஒன்று சுமார் 10.7 கிலோ. 10 எம்.எம். என்றால் 7.4 கிலோ. 8 எம்.எம். என்றால் 4.7 கிலோ. ஒரு டன் 12 எம்.எம். கம்பி என்றால் 93 கம்பி வர வேண்டும். எடை மேடை ரசீதையும் கம்பி எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கூட்டல் பெருக்கல் தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளை போதும்.

காங்கிரீட் போட்ட பிறகு தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள். கடைகளில் இப்போது அதிகம் கிடைக்கும் கலப்புச் சிமெண்டு என்றால் 10 நாள். கோடை வெயிலில் 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது. இதற்குப் பைசா செலவு இல்லை. ஆனால் அதிகம் ஏமாற்றுவதும் இதில்தான்.

வாளி சொல்லும் சாட்சி

இந்தக் குளம் நிரம்ப சுமார் 34 ஆயிரம் லிட்டர் வேண்டும். 12 ஆயிரம் லிட்டர் லாரி என்றால் மூன்று நடை. ஒரே ஒரு அங்குலம் இறங்கினாலும் 700 லிட்டர் போச்சு!

"வெயில்ல ஆவியாப் போகுது தம்பி" என்பது மேஸ்திரிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். அது பொய்யா, நிஜமா? ஒரு பிளாஸ்டிக் வாளி சொல்லிவிடும்.

குளத்தின் படிக்கட்டில் வாளியை வையுங்கள். குளத்துத் தண்ணீர் மட்டம் எவ்வளவோ அவ்வளவு தண்ணீர் வாளியிலும் ஊற்றுங்கள். வாளிக்கு உள்ளே ஒரு கோடு, வெளியே ஒரு கோடு. மோட்டார் போடக் கூடாது. யாரும் இறங்கக் கூடாது. 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்த தண்ணீர். குளம் மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் மண் குடித்த தண்ணீர்!

70 வயது அப்பா செய்யக் கூடிய சோதனை இது. இரண்டு போட்டோ அனுப்பினால் மகனுக்குப் புரிந்துவிடும். ஒரு தடவை போதாது, அடுத்தடுத்து மூன்று நாள் செய்து பார்க்க வேண்டும்.

பணம்தான் கடிவாளம்

வேலைக்கு முன்னால் பணம் ஓடினால் மேஸ்திரி நிற்க மாட்டார். மேலே சொன்ன நாலு கட்டமும் ஒவ்வொன்றாகத் தேறிய பிறகு ஒவ்வொரு தவணை. எல்லாம் பாங்கி மூலம். கடைசிப் பங்கு ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு. இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். கட்டத் தொடங்கும் முன் உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி பற்றியும் விசாரித்துவிட வேண்டும்.

இடம் மகன் பெயரில் இருந்தால், அப்பாவுக்கோ மனைவிக்கோ அதிகாரப் பத்திரம் தேவைப்படும். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். முத்திரைச் சட்டம் 18-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. பலர் பத்திரத்தைப் பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

வேலை கெட்டுப் போனால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கூலி வாங்கிக் கொண்டு கட்டிக் கொடுப்பதும் சேவைதான். கொடுத்த பணம் 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். கெடு 2 ஆண்டு. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலேயே மனுப் போடலாம். ஆனால் அங்கே கேட்கும் முதல் கேள்வி: "ஆதாரம் எங்கே?" அப்போது அந்த 100 பக்க நோட்டு பேசும்.

காலிக் குளம் படகு ஆகும்!

குளம் முடிந்தது. சுத்தம் செய்யலாம் என்று ஐப்பசி மழையில் தண்ணீரை இறக்கிவிட்டால்? அங்கேதான் வேடிக்கை.

மேலே சொன்ன குளத்தின் காங்கிரீட் எடை சுமார் 29 டன். சுற்றிலும் மண்ணில் மழைத் தண்ணீர் விளிம்பு வரை நின்றால், அது மேலே தள்ளும் விசை சுமார் 45 டன். உள்ளே தண்ணீர் இல்லை என்றால் குளம் படகு மாதிரி எழும்பும். எழும்பினால் பிளக்கும். குழாய் முறியும்.

அடியில் ஜல்லிப் படுகை போட்டு, அழுத்தம் வெளியேற ஒரு வால்வு வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யாதீர்கள். ஊரில் இருப்பவருக்கு இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே உயிர்

சிமெண்டு போனால் வாங்கலாம். பிள்ளை போனால்?

உலகம் முழுவதும் 2021-ல் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் சின்னப் பிள்ளைகள் ஏராளம். கிணறு, குட்டை, குவாரிப் பள்ளம் என்று நம் பக்கத்துச் செய்திகளும் புதிது அல்ல. அந்தப் பள்ளங்கள் ஊருக்கு வெளியே இருந்தன. இது அடுப்பங்கரைக்குப் பின்னால் இருக்கிறது!

குளம் நிரப்பும் முன்பே நாலு பக்கமும் குறைந்தது 4 அடி வேலி வேண்டும். தானாக மூடிக் கொள்ளும் கதவு வேண்டும். தாழ்ப்பாள் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். கட்டும்போதும் ஆபத்துதான். மழை பெய்த ராத்திரி, வெட்டிய பள்ளமே கிணறு. அதற்கும் தடுப்பு வேண்டும்.

தண்ணீருக்குள் வைக்கும் விளக்கு 12 வோல்ட்டாக இருக்கட்டும். மோட்டார் லைனில், கரண்டு கசிந்தால் உடனே அறுந்து போகும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு சுவிட்ச் கட்டாயம்.

இந்த வேலி, சுவிட்ச் இரண்டும் பட்ஜெட்டில் கடைசியாக வருபவை. பணம் முடிந்த பிறகு வருபவை. "லீவுக்கு வந்து போட்டுக்கலாம்" என்று தள்ளிப் போடுபவை. மகன் லீவுக்கு வர ஒரு வருஷம் ஆகலாம். பேரப்பிள்ளை தவழ்ந்து கொல்லைக்குப் போக ஒரு நிமிஷம் போதும்.

ஆகவே கடைசித் தவணை டைல்ஸுக்கு அல்ல, வேலிக்கு. வேலி போட்டோ வந்த பிறகுதான் தண்ணீர் லாரிக்குப் பணம்!